வீடே படகான மக்கள்: ஹாங்காங் புயல் புகல்துறைகளின் கதை

2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி ஜோகூரின் தென்கிழக்குக் கரையில் ஒரு சூறாவளி ஏறியது. அதன் பெயர் வாமெய். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரைப் பாகையில், சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே அது கரையைக் கடந்தது. அதுவரை வானிலைப் பாடநூல்கள் சொல்லி வந்தது வேறு. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பு விசை, பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைந்துபோகும். ஆகவே ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது கடினம் என்பதுதான் பாடம். வாமெய் அந்தப் பாடத்தைப் படித்திருக்கவில்லை. ஜோகூரிலும் பகாங்கிலும் வெள்ளத்தைக் கொண்டுவந்து ஐந்து உயிர்களைப் பறித்துக்கொண்டு போனது. பிறகு 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே செனியார் புயல் உருவானது. சுமத்ராவில் அது செய்த கொடுமையை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

புயல் என்றதும் கரையில் இருப்பவருக்கு வரும் கவலை, கூரை நிற்குமா, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்பதுதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். முடியாவிட்டால் மேட்டுக்கு ஓடலாம். படகு வைத்திருப்பவரின் கவலை அப்படிப்பட்டதல்ல. படகைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விட்டுவிட்டு ஓடினால் தொழில் போய்விடும். அந்தப் படகே குடியிருக்கும் வீடாகவும் இருந்தால்?

வாமெய் என்பது ஒரு பாடும் பறவையின் பெயர். புயல் பட்டியலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது மக்காவ். அதற்கு எதிர்க்கரையில், முத்து ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கிழக்கே இருப்பது ஹாங்காங். புயலோடு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் குடித்தனம் நடத்திய ஊர் அது. சராசரியாக ஆண்டுக்கு ஆறு முறை அங்கே புயல் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. அங்குள்ள கான்டனிய மக்கள் புயல் வருவதைத் 'தா ஃபூங்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காற்று அடித்தல்'. தமிழிலும் புயல் அடிக்கத்தானே செய்கிறது! அங்கு படகுகள் புயலுக்கு ஒதுங்கும் துறைக்குப் 'பெய் ஃபூங் தோங்' என்று பெயர். காற்றுக்கு ஒதுங்கும் குளம் என்று பொருள். அந்தக் குளங்கள் எப்படி வந்தன, எத்தனை உயிரை விலையாகக் கேட்ட பிறகு வந்தன என்பதுதான் இந்த வரலாறு.

தண்ணீர் மேல் வாழ்ந்தவர்கள்

ஹாங்காங்கைப் பிரிட்டன் 1841இல் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, அந்தக் கடலில் படகையே வீடாகக் கொண்ட மக்கள் இருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அவர்களைத் 'தாங்கா' என்று அழைத்தார்கள். அது இளக்காரமான சொல். அவர்கள் தங்களைச் 'சுய் சாங் யான்', அதாவது நீர்மேல் வாழும் மக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். சீனப் பேரரசில் நெடுங்காலம் அவர்களுக்குக் கரையில் குடியேற உரிமை இல்லை. 1729இல் யோங்செங் பேரரசர் ஓர் ஆணையிட்டு அந்தத் தடையை நீக்கினார். ஏட்டில் நீங்கிய தடை மனத்தில் நீங்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின என்று சொன்னால் மிகையாகாது.

பிறப்பு, திருமணம், சாவு எல்லாம் படகிலேயே. தவழும் குழந்தை கடலில் விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டி வைப்பார்கள். விழுந்தாலும் மிதக்கட்டும் என்று முதுகில் மரக்கட்டையோ சுரைக்குடுக்கையோ கட்டுவதும் உண்டு. 'ஜங்க்' எனப்படும் பெரிய பாய்மரப் படகு வைத்திருப்பவர் ஓரளவு வசதியானவர். சம்பான் ஓட்டி ஆளையும் காய்கறியையும் ஏற்றி இறக்குபவர் அன்றாடங்காய்ச்சி. இருவருக்கும் பொதுவான ஒன்று, படகு போனால் வீடு, தொழில், சேமிப்பு மூன்றும் ஒன்றாகப் போய்விடும் என்பது.

இவர்களின் காவல் தெய்வம் தின் ஹாவ். கோலாலம்பூரில் தியான் ஹாவ் கோயிலிலும், சிங்கப்பூர் தெலுக் ஆயர் சாலையில் தியான் ஹாக் கெங் கோயிலிலும் இருப்பவள் அதே கடலன்னைதான். தெலுக் ஆயர் ஒரு காலத்தில் கடற்கரை. அதே சாலையில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடமும் இருக்கிறது. கடலில் போகிறவர்கள் நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொள்வது தமிழ்நாட்டுக் கரையின் பழைய வழக்கம். கப்பலை விட்டு உயிரோடு இறங்கியவர்கள், எந்த மொழி பேசினாலும், முதலில் செய்தது நன்றி சொன்னதுதான் போலும்.

வேண்டுதல் ஒரு பக்கம் இருக்க, படகுக்காரர்கள் கண்ணையும் காதையும் நம்பினார்கள். காற்றே இல்லாத நாளில் தென்கிழக்கிலிருந்து நீளமான, சோம்பலான அலைகள் வரத் தொடங்கினால் எங்கோ தூரத்தில் புயல் இருக்கிறது என்று பொருள். புயல் கிளப்பும் அலை, புயலைவிட வேகமாக ஓடி வந்து முதலில் சேதி சொல்லிவிடும். அடுத்து, மூச்சு முட்டும் புழுக்கம். வானம் மங்கித் தூசு படிந்தாற்போல் இருக்கும். புயலைச் சுற்றியுள்ள காற்று மேலிருந்து கீழே அமுங்கி இறங்குவதால் வரும் வெப்பம் அது. பிறகு மேல் வானத்தில் மெல்லிய முகில் கீற்றுகள் தோன்றும். மாலை வானம் செம்பு நிறத்தில் எரியும்.

இதெல்லாம் தெரிந்ததும் வேலை தொடங்கும். மூங்கில் கழிகள் வைத்துத் தைத்த பாய்களை இறக்கிக் கட்டுவார்கள். பாயை மடக்கி வைத்தால் மட்டும் போதாது. மேல்தளத்தில் நிழலுக்கு வேய்ந்த பாய்க்கூரை, காயப்போட்ட வலை, கூடை, மரப்பெட்டி என்று காற்று பிடிக்கக்கூடிய எதுவும் மேலே இருக்கக்கூடாது. நங்கூரங்களை ஒன்றுக்கு இரண்டாக, முடிந்தால் மூன்றாக இறக்குவார்கள். வடத்தைத் தாராளமாக விட வேண்டும். குட்டையாகக் கட்டினால் படகு அலையில் எழும்பும்போது நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். நீளமாக விட்டால் இழுப்பு கிடைமட்டமாகப் போகும். நங்கூரம் சேற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதே சமயம் நீண்ட வடத்தில் ஆடும் படகுக்கு இடம் அதிகம் வேண்டும். அந்த இடம் எங்கே?

நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே விரிகுடாவில் ஒதுங்கும்போது, ஒருவர் கட்டிய கயிறு அறுந்தால் அடுத்த பத்துப் படகுகளுக்கும் ஆபத்து. அவரவர் முயற்சியால் தீராத பிரச்சினை இது. அலையைத் தடுக்க ஒரு சுவர் வேண்டும். புயல் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டையும் அரசாங்கம்தான் தர முடியும்.

பீரங்கி முழங்கிய காலை

1874 செப்டம்பர் இறுதியில் அடித்த புயல் ஹாங்காங்கிலும் மக்காவிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. காஸ்வே பே பகுதியில் அலைத்தடுப்புச் சுவர் எழுப்பி, 1883இல் ஹாங்காங்கின் முதல் புயல் புகல்துறை தயாரானது. அதே 1883இல் வானிலை ஆய்வகமும் பிறந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த வில்லியம் டோபெர்க் அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டு முதல், சிம் ஷா சுய் காவல் நிலையத்தின் கொடிமரத்தில் புயல் சின்னங்கள் ஏற்றப்பட்டன. உருளை, பந்து, கூம்பு என்று ஒவ்வொரு வடிவமும் புயல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத படகுக்காரரும் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கடும் காற்று நிச்சயம் என்றால் கொடிமரத்தின் அடியிலிருந்து பீரங்கி முழங்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு புகல்துறை போதுமா? எதிர்க்கரையான கவ்லூன் பக்கம் ஒன்றுமே இல்லை. துறைமுகத்தில் வணிகம் பெருகப் பெருகப் படகுகளும் பெருகின. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே குளத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

1906 செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை. காலையில் படகுகள் வழக்கம்போல் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு மேல்தான் எச்சரிக்கைச் சின்னம் ஏறியது, பீரங்கி முழங்கியது. அதற்குள் காற்று வந்துவிட்டது. அளவில் சிறிய புயல், ஆனால் வெறித்தனமானது, வேகமாக நகர்ந்து வந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு ஜங்க் பாய் இறக்கி, துறைமுகத்தைக் கடந்து, காஸ்வே பே போய்ச் சேர்வது நடக்கிற காரியமா? கவ்லூன் பக்கம் இருந்த படகுகள் கல்சுவரில் மோதி மோதி விறகாயின. பெரிய நீராவிக் கப்பல்களே நங்கூரத்தை இழுத்துக்கொண்டு ஓடி, எதிர்ப்பட்ட சம்பான்களை நசுக்கின.

இறந்தவர்கள் 10,000 பேர் என்பார்கள், 15,000 பேர் என்பார்கள். அப்போது ஹாங்காங்கின் மக்கள்தொகையே ஏறக்குறைய மூன்று இலட்சம்தான். தொகை இத்தனை ஆயிரம் முன்னும் பின்னுமாக இருப்பதற்குக் காரணம், இறந்தவர்களில் பெரும்பாலோர் படகில் வாழ்ந்தவர்கள் என்பதே. எத்தனை பேர் இருந்தார்கள் என்று சரியாகத் தெரிந்தால்தானே எத்தனை பேர் போனார்கள் என்று சொல்ல முடியும்? துங் வா மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் கரை ஒதுங்கிய உடல்களைச் சேகரித்து அடக்கம் செய்தார்கள்.

புயல் ஆள் பார்த்து அடிக்கவில்லை. மாணவர்கள் சிலரோடு படகில் சமயப் பயணம் போயிருந்த ஆங்கிலிக்கன் ஆயர் ஜோசப் சார்ல்ஸ் ஹோரும் கடலில் மாண்டார். ஃபிரோந்த் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் சேதமடைந்து அதன் மாலுமிகள் ஐவர் இறந்தனர். அந்த ஐவருக்கும் கவ்லூனில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அதில் தவறில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் மாண்ட படகுக்காரர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை.

ஊர் கொதித்தது. எச்சரிக்கை ஏன் தாமதமானது என்று கேட்டார்கள். ஷாங்ஹாயிலும் மணிலாவிலும் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்திய வானிலை ஆய்வகங்கள் நல்ல பெயர் பெற்றிருந்தன. அவர்களோடு டோபெர்க்குக்கு நீண்ட நாளாகவே ஒத்துப்போகவில்லை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கையில் இருந்த தகவலை வைத்து அதற்கு முன்பே எச்சரித்திருக்க முடியாது என்று அது ஆய்வகத்தை விடுவித்தது. அது சரியாகவே இருக்கலாம். கடலின் நடுவே கப்பல்களிலிருந்து வானொலிச் செய்தி வராத காலம் அது. ஆனால் எச்சரிக்கை பற்றி விசாரித்த அளவுக்கு, ஒதுங்க இடம் இல்லாததைப் பற்றியும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகப் பீரங்கி முழங்கியிருந்தாலும், கவ்லூன் படகுக்காரர் எங்கே போயிருப்பார்?

கவ்லூன் பக்கம் யாவ் மா தேய் புகல்துறை வேலை 1910இல் தொடங்கி 1915இல் முடிந்தது. பெரும்புயலுக்குப் பின் ஒன்பது ஆண்டுகள்.

எண்ணும் திசையும்

1917இல் புயல் சின்னங்களுக்கு எண் கொடுத்தார்கள். முதலில் 1 முதல் 7 வரை. 1931இல் 1 முதல் 10 வரை. இந்த எண்களில் படகு வைத்திருப்பவருக்கு மட்டுமே முழுதாகப் புரியும் ஒரு நுணுக்கம் இருந்தது. 5, 6, 7, 8 ஆகிய நான்கு எண்களும் ஒரே அளவு காற்றைத்தான் குறித்தன. வேறுபாடு திசையில். வடமேற்கா, தென்மேற்கா, வடகிழக்கா, தென்கிழக்கா என்பதே சேதி. கரையில் வாழ்ந்தவர்களோ ஐந்தைவிட எட்டு மோசம் என்று எண்ணிக்கொண்டார்கள். குழப்பம் வேண்டாம் என்று 1973இல் நான்கையும் எட்டாம் எண்ணுக்குள் அடக்கி, பக்கத்தில் திசையை எழுதினார்கள்.

திசைக்கு ஏன் இத்தனை மதிப்பு? புயல் ஹாங்காங்குக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு என்று திரும்பும். வாடைக்கு மறைவான ஒரு விரிகுடாவில் படகைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு, நள்ளிரவில் அதே விரிகுடா பொறியாகிவிடும். தெற்கிலிருந்து வரும் காற்று நேரே வாசல் வழியாக அலையை உள்ளே தள்ளும். புயலின் கண் தலைக்கு மேல் கடந்தால் இன்னும் மோசம். காற்று நின்றுவிட்டது என்று கயிற்றைத் தளர்த்தியவர்கள், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் அடியில் சிக்கிக்கொள்வார்கள்.

மறைவான இடம் என்ற நம்பிக்கையே எமனாக வந்தது 1937 செப்டம்பர் 2ஆம் தேதி. துறைமுகத்தில் ஜப்பானின் அசாமா மாரு, இத்தாலியின் கோன்தே வெர்தே என்ற இரு பெரும் பயணிகள் கப்பல்கள் கரை தட்டின. ஆனால் பெருஞ்சாவு விழுந்தது அங்கேயல்ல. வடகிழக்கே உள்ள தோலோ துறைமுகத்தில். சுற்றிலும் மலை, குறுகிய வாய், நீண்ட உட்கடல். பார்த்தால் இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்றுதான் தோன்றும். அதன் வாய் வடகிழக்கே திறந்திருக்கிறது என்பதுதான் வினை. அந்தத் திசையிலிருந்து அடித்த காற்று கடல்நீரை உள்ளே திணித்தது. நீர் போக வழியின்றி அடிமுனையில் குவிந்து தை போ கிராமங்களுக்குள் ஏறியது. வடம் அறாமலேயே படகுகள் கவிழ்ந்தன. அந்தப் புயலில் இறந்தோர் ஏறக்குறைய 11,000 பேர் என்கின்றன பதிவுகள். 1962 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த வாண்டா புயலிலும் அதே தோலோ துறைமுகம் பொங்கிச் ஷா தின் பகுதியை மூழ்கடித்தது. ஹாங்காங் முழுதும் 72,000 பேர் வீடிழந்தனர்.

வாண்டா வந்த காலத்தில் படகுகளில் வாழ்ந்தவர்கள் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். போருக்குப் பின் பாய்மரம் போய் டீசல் இயந்திரம் வந்திருந்தது. வானொலி வந்திருந்தது. புயலைக் கழிக்கும் முறையும் மாறியது. எச்சரிக்கை கேட்டதும் புகல்துறைக்கு ஓடுவார்கள். முந்தி வந்தவருக்கு உள்ளே நல்ல இடம். பிந்தி வந்தவருக்கு அலை புகும் வாசல் ஓரம். முந்தி வருவதென்றால் ஒரு நாள் மீன்பாட்டை இழக்க வேண்டும். புயல் திசை மாறிப் போய்விட்டால் அந்த இழப்பு வீண். கடன் வாங்கி இயந்திரம் பூட்டியவருக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயமல்ல. ஒவ்வொரு புயலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அவர்கள் வலையைச் சுருட்டினார்கள்.

உள்ளே வந்தபின் படகுகளை வரிசையாக, அணியம் காற்றைப் பார்க்க நிறுத்துவார்கள். இடையே பழைய டயர்களைத் தொங்கவிடுவார்கள். பெண்கள், குழந்தைகள், முதியோர் கரைக்குப் போவதுண்டு. ஆண்கள் ஒருவரோ இருவரோ படகிலேயே இருப்பார்கள். இயந்திரத்தை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு வடத்தின் இழுப்பைக் குறைப்பது, உரசித் தேயும் இடத்தில் துணி சுற்றுவது, உள்ளே சேரும் தண்ணீரை இறைப்பது, பக்கத்துப் படகின் கயிறு அறுந்தால் தள்ளிப் பிடிப்பது. விடிய விடிய இதுதான் வேலை. ஆளில்லாப் படகு தப்புவது அதிர்ஷ்டம். ஆளுள்ள படகு தப்புவது உழைப்பு. ஆனால் அந்த உழைப்புக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. கரையில் இருந்த அதிகாரி 'இறங்கி வா' என்று அழைப்பது எளிது. இறங்கி வந்தவருக்கு மறுநாள் எது வீடு என்பதை அவர் சொல்லவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் புகல்துறைகளே நிரந்தரக் குடியிருப்புகளாயின. காஸ்வே பேயில் சம்பான்களில் சமைத்து விற்றார்கள். பாட்டுக்காரிகள் படகில் வந்து பாடினார்கள். பூண்டை மொறுமொறுவென்று வறுத்துக் கொட்டிச் செய்யும் 'புயல் புகல்துறை நண்டு' அங்கே பிறந்ததுதான். மறுபுறம், யாவ் மா தேயில் கடலுக்கே போக முடியாத உளுத்த படகுகளில் ஏழைக் குடும்பங்கள் அடைந்து கிடந்தன. புயலுக்கு ஒதுங்க வந்த இடத்தில் சாதாரண மழைக்கே படகு மூழ்கியது. குழந்தைகள் நீரில் விழுந்து இறந்தனர். கரையில் வீடு கேட்டு ஆளுநரிடம் மனுக் கொடுக்க 1979 ஜனவரியில் பேருந்தில் புறப்பட்டார்கள். வழியிலேயே எழுபதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மனு கொடுக்கப் போனதற்குக் கைதா என்று ஹாங்காங் முழுதும் பேச்சானது. பின்னர் அந்தக் குடும்பங்கள் படிப்படியாக அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின.

1883இல் கட்டிய முதல் புகல்துறை இப்போது இல்லை. 1950களில் அதை மண் கொட்டித் தூர்த்தார்கள். அந்த இடத்தில் இருப்பதுதான் விக்டோரியா பூங்கா. பழைய யாவ் மா தேய் புகல்துறையும் 1990களில் நிலமாகிவிட்டது. இரண்டுக்கும் பதிலாக, இன்னும் வெளியே தள்ளிப் புதியவை கட்டப்பட்டன.

2018 செப்டம்பர் 16ஆம் தேதி மங்குட் புயல் வந்தபோது பத்தாம் எண் எச்சரிக்கை பத்து மணி நேரம் நீடித்தது. வாண்டாவுக்குச் சற்றும் சளைக்காத அளவுக்குக் கடல் பொங்கியது. ஹாங்காங்கில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. உடைந்து குவிந்தவை பெரும்பாலும் சாய் குங் பக்கத்து விரிகுடாக்களில் கட்டிக் கிடந்த உல்லாசப் படகுகள். அவற்றின் உரிமையாளர்கள் கரையில், கட்டடங்களுக்குள் பத்திரமாக இருந்தார்கள். அபர்டீன் புகல்துறையில் மீன்பிடிப் படகுகள் இன்னும் இருக்கின்றன. 1999 முதல் ஒவ்வொரு கோடையிலும் தென்சீனக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் நடப்பில் இருப்பதால், புயல் பருவத்தின் முற்பாதியில் அவை எப்படியும் துறையிலேயே கிடக்கும். தடை நீங்கி அவை கடலுக்குப் போகும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள்தான் பெரும்புயல்களின் காலம்.